காட்சியை நாடாவில் எழுதிய வரலாறு

நாமறிந்த நூல்நிலையம் ஒன்றின் பின்னறை அலமாரியில் மூன்று பேழைகள் கிடக்கின்றன. ஒவ்வொன்றும் நடுத்தரமான நூலொன்றின் பருமனுடையது. அவற்றின் முதுகில் ஒட்டிய தாளில், காலஞ்சென்ற தமிழ்ப் பேராசிரியர் ஒருவரின் பெயரும், ‘சொற்பொழிவு’ என்னும் சொல்லும், 1986 என்னும் ஆண்டும் மையால் எழுதப்பட்டுள்ளன. அப்பேழைகளை இட்டு ஓட்டிக் காட்டும் இயந்திரம் அந்நூல்நிலையத்தில் இல்லை. அதே அறையில், இருநூறு ஆண்டுகட்கு முற்பட்டதென்று கூறப்படும் ஏட்டுச்சுவடி ஒன்றும் உண்டு. அதனை நாம் கட்டவிழ்த்து, சிறிது எண்ணெய் தடவி, புள்ளியில்லா எழுத்துக்களைக் கூட்டிக் கூட்டி ஒரு பக்கம் படித்துவிட்டோம். இருநூறாண்டு ஏடு பேசுகின்றது. நாற்பதாண்டு நாடா வாய் திறவாதிருக்கின்றது. இதற்குக் காரணம் யாதென வினவப் புகுந்ததன் பயனே இக்கட்டுரை. தமிழ் பயிலும் மாணவர் பௌதிகத்திற் கைவைப்பது தகுமோ என்பார்க்கு, அத்துறை நண்பர் ஒருவர் இதனைப் படித்துத் திருத்தியுள்ளார் என்பதே எம் விடை. எஞ்சிய பிழைகள் எம்முடையன.

தொலைக்காட்சி பிறந்த காலத்தில் அதற்குக் கண் இருந்தது, வாய் இருந்தது. நினைவு மட்டும் இல்லை. நிலையத்தில் நடப்பது நடக்கும் அக்கணமே வீட்டிற் காணப்படும், கண்டவுடன் மறையும். சிறிய நாட்டிற்கு இஃதொரு பெருங்குறையன்று. அமெரிக்க ஐக்கிய நாட்டிற்கோ தீராத தொல்லையாயிற்று. நியூயார்க்கில் இரவு எட்டு மணி அடிக்கும்போது லாஸ் ஏஞ்சலிஸில் மாலை ஐந்து. கீழைக் கரையில் உணவுண்டு அமர்ந்தோர் காணும் நாடகத்தை, மேலைக் கரையார் அலுவலகத்தில் இருக்கும் பொழுது ஒளிபரப்பிப் பயனென்னை? ஆதலின் அந்நாட்டார் கினஸ்கோப் என்றொரு முறையைக் கையாண்டனர். தொலைக்காட்சிக் குழாயின் முன்னே திரைப்படக் காமிராவை நிறுத்தி, தோன்றும் காட்சியைப் படம் பிடிப்பர். அச்சுருளை அவசர அவசரமாகக் கழுவி உலர்த்தி, மூன்று மணி நேரத்திற்குள் மேலைக் கரையில் ஓட்டிக் காட்டுவர். காட்சி மங்கும், கறுப்பும் வெளுப்பும் கலந்து சாம்பல் பூத்துவிடும். செலவோ மிகுதி. ஒருமுறை கழுவிய சுருள் மறுபடி எழுதப் பயன்படாது. குறைகள் பல உடைய இக்கினஸ்கோப்பை வாசகர் மறவாதிருக்க வேண்டுகின்றோம். பின்னர் அது மீண்டும் வரும்.

ஒலியோ இதற்கு முன்னரே நாடாவில் அடங்கிவிட்டது. 1928இல் ஜெர்மனியில் பிரிட்ஸ் ஃப்ளாய்மர் என்பார் தாளின்மீது இரும்புத் துகளைப் பூசி, அதிற் காந்தத்தால் ஒலியைப் பதியும் வழி கண்டார். 1935இல் ஏ.இ.ஜி. கம்பெனியார் மேக்னட்டோபோன் என்னும் இயந்திரத்தைப் பெர்லின் கண்காட்சியில் வைத்தனர். இரண்டாம் உலகப்போர் முடிந்தபின், அமெரிக்கப் படையிற் பணியாற்றிய ஜாக் மல்லின் என்னும் பொறியாளர் அவ்வியந்திரங்கள் இரண்டைப் பகுதி பகுதியாகப் பிரித்துத் தம் நாட்டிற்கு அனுப்பி, 1946இல் சான்பிரான்சிஸ்கோவில் இயக்கிக் காட்டினார். வானொலியில் நேரே நின்று பாடுவதில் சலிப்புற்றிருந்த பிங் கிராஸ்பி என்னும் பாடகர் இதற்குப் பணம் உதவினார். கலிபோர்னியாவில் அலெக்சாந்தர் பொனியாட்டோஃப் 1944இல் தொடங்கிய ஆம்பெக்ஸ் என்னும் சிறிய தொழிலகம் 1948இல் ஒலிநாடா இயந்திரத்தை விற்பனைக்குக் கொணர்ந்தது.

நாடா என்பது தமிழுக்குப் பிறமொழி தந்த சொல். பாவாடையிற் கோத்த கயிற்றுக்கும், தறியில் ஓடும் கருவிக்கும், வயிற்றிலுள்ள ஒரு புழுவிற்குமாக முன்னரே உழைத்து வந்த அச்சொல், இப்புதுப் பொருளையும் முணுமுணுக்காமல் ஏற்றுக்கொண்டது. நிற்க.

ஒலியைப் பதிந்த அதே இயந்திரத்தால் காட்சியையும் பதியலாகாதோ எனின், ஆகாது. ஏன் என்பதை ஒரு கணக்கால் விளக்குவோம். ஒலிநாடா நொடிக்கு 15 அங்குலம் ஓடும். மனிதச் செவிக்கு வேண்டும் மிக உயர்ந்த ஒலி நொடிக்கு ஏறத்தாழ 15,000 அலைகளை உடையது. எனவே ஓர் அங்குல நாடாவில் 1,000 அலைகளை எழுதினாற் போதும். தொலைக்காட்சியின் ஒளிக்குறிக்கோ நொடிக்கு 40 இலட்சம் அலைகள் வேண்டும். அதே வேகத்தில் நாடா ஓடுமாயின், ஓர் அங்குலத்தில் 2,60,000க்கு மேற்பட்ட அலைகளை எழுதல் வேண்டும். எந்தக் காந்தத் தலையும் அத்துணை நுண்ணிய எழுத்தை எழுதாது, எழுதினாலும் படிக்காது. ஆகவே நாடாவை நூறு மடங்கு வேகத்தில், நொடிக்கு 1,500 அங்குலமாக இழுத்தல் வேண்டும். அவ்வாறு இழுத்தால் ஒரு மணி நேரக் காட்சிக்கு 85 மைல் நீளமுள்ள நாடா தேவை!

இவ்வளவு இல்லையெனினும், நாடாவை விரைந்து இழுப்பது என்னும் வழியிலேயே முதலில் பலர் சென்றனர். கிராஸ்பியின் நிறுவனத்தார் 1951 நவம்பரில் நாடாவை விரைந்து ஓட்டும் கருவியைக் காட்டினர். காட்சி தெரிந்தது, தெளிவில்லை. ஆர்.சி.ஏ. கம்பெனியார் 1953இல் நொடிக்கு 30 அடி ஓடும் கருவியைக் காட்டினர். நான்கு நிமிடம் ஓடினால் ஒரு மைலுக்கு மேற்பட்ட நாடா தீர்ந்துவிடும். இங்கிலாந்தில் பி.பி.சி.யின் பொறியாளர் 1952இல் தொடங்கிப் பல ஆண்டு உழைத்து ‘வேரா’ என்னும் பெண்பெயருடைய இயந்திரத்தை ஆக்கினர். இருபது அங்குலத்திற்கு மேற்பட்ட விட்டமுள்ள இரும்புச் சக்கரங்களில் நாடா நொடிக்கு 200 அங்குலம் பறக்கும். பதினைந்து நிமிடக் காட்சி அடங்கும். 1958 ஏப்ரல் 14ஆம் நாள் ‘பனோரமா’ நிகழ்ச்சியில் ரிச்சர்ட் டிம்பிள்பி ஒரு கடிகாரத்தின் அருகே அமர்ந்து சிறிது நேரம் பேசினார். பின்னர் நாடாவைத் திருப்பி ஓட்டி, அவர் பேசியதையும் கடிகாரம் காட்டிய நேரத்தையும் நாட்டார்க்கு மீண்டும் காட்டினர். வேரா வெற்றி கண்டாள்; ஆயினும் காலம் தாழ்த்து வந்தாள். ஈராண்டுகட்கு முன்னரே அமெரிக்காவில் வேறு வழி திறந்துவிட்டது.

அவ்வழி யாது? ஏடெழுதுவோர் எழுத்தாணியைப் பெரும்பாலும் ஓரிடத்தே நிறுத்தி, இடக்கையால் ஏட்டை நகர்த்தி எழுதுவர் என்பர். ஒலிநாடாவும் அவ்வாறே: காந்தத் தலை நிற்கும், நாடா நகரும். ஆம்பெக்ஸ் பொறியாளர் இதனை மாற்றினர். நாடா மெல்ல நகரட்டும். எழுத்தாணி சுழன்று பறக்கட்டும் என்றனர். இந்த ஒரு கருத்தே பின்வந்த வீடியோ நாடா வகைகள் அனைத்திற்கும் தாயாயிற்று.

1952 தொடக்கத்தில் சார்ல்ஸ் கின்ஸ்பர்க் என்னும் பொறியாளரை ஆம்பெக்ஸ் இவ்வேலைக்கு அமர்த்தியது. அவருக்குத் துணையாக வந்தவருள் ஒருவர் ரே டால்பி. அவருக்கு அப்போது வயது பத்தொன்பது; கல்லூரி மாணவர்; இவ்வேலையின் சுவையில் ஆழ்ந்து படிப்பையும் நிறுத்திவைத்துவிட்டார். (எம் வயதே உடையவர் என்பதால் இவரைப்பற்றி இரண்டு வரி மிகுதியாக எழுதுகின்றோம், படிப்பை நிறுத்தும் எண்ணம் எமக்கில்லை.) அவ்வாண்டின் இறுதியில் இயந்திரம் முதற்காட்சியை நல்கியது. அஃது இன்னதென்று அறிதலே அரிதாயிருந்ததாம். 1953இல் டால்பியைப் படைக்கு அழைத்தனர், வேலையும் நின்றது. 1954இல் மீண்டும் தொடங்கியபோது சார்ல்ஸ் ஆண்டர்சன், ஷெல்பி ஹெண்டர்சன், அலெக்ஸ் மாக்ஸி, ஃபிரெட் ஃபோஸ்ட் ஆகியோர் குழுவில் இருந்தனர். படையினின்று மீண்ட டால்பியும் பின்னர்ச் சேர்ந்துகொண்டார். இவரே பிற்காலத்தில் ஒலிநாடாவின் இரைச்சலைக் குறைக்கும் முறையைக் கண்டு உலகப் புகழ் பெற்றவர். அதற்கு முன் 1963 முதல் 1965 வரை இந்திய நாட்டில் ஐக்கிய நாடுகள் சார்பில் தொழில்நுட்ப ஆலோசகராகவும் இருந்தவர்.

அவர்கள் ஆக்கிய இயந்திரத்தில் நாடாவின் அகலம் இரண்டு அங்குலம். அது நொடிக்கு 15 அங்குலமே நகரும். அதன் குறுக்கே, ஏறக்குறைய இரண்டு அங்குல விட்டமுள்ள சிறு சக்கரம் ஒன்று நிமிடத்திற்கு 14,400 முறை சுழலும். சக்கரத்தின் விளிம்பில் நான்கு காந்தத் தலைகள். காற்றை உறிஞ்சும் கருவி நாடாவைச் சக்கரத்தின் வளைவிற்கு ஏற்பக் குழித்துப் பிடிக்கும். ஒரு தலை நாடாவின் மேல்விளிம்பிலிருந்து கீழ்விளிம்புவரை ஒரு கோடு எழுதி முடிக்கும்போது அடுத்த தலை எழுதத் தொடங்கும். தலை நாடாவின்மீது செல்லும் வேகம் நொடிக்கு 1,500 அங்குலத்திற்கு மேல்; நாடா செலவாவதோ ஒலிநாடாவின் அளவே. ஒரு கோட்டில் காட்சியின் பதினாறு வரிகளே அடங்கும். ஆகவே திரையில் தோன்றும் ஒரு முகம் பல துண்டுகளாக எழுதப்பெற்று, மறுபடி தையல் தெரியாமல் ஒட்டப்படுகின்றது. நான்கு தலைகளுள் ஒன்று சிறிது வேறுபடினும் காட்சியிற் பட்டை பட்டையாகக் கோடு விழும்.

இன்னுமொரு தடையும் இருந்தது. காந்தத் தலை, விரைந்த அலைகளை உரக்கப் படிக்கும். மெல்லிய அலைகளைக் கேட்டும் கேளாததுபோல விட்டுவிடும். காட்சிக்குறியிலோ நொடிக்கு முப்பது அலை முதல் நாற்பது இலட்சம் அலைவரை எல்லாம் உண்டு. ஆண்டர்சன் கூறிய பரிகாரம் இது: காட்சிக்குறியை நேரே எழுதாமல், விரைந்த அலையொன்றின் எண்ணிக்கையைக் காட்சிக்கேற்பக் கூட்டியும் குறைத்தும் எழுதுதல். இதனால் எழுதவேண்டிய அலைகள் யாவும் ஒரு சிறு எல்லைக்குள் அடங்கின. நான்கு தலைகளின் ஏற்றத்தாழ்வும் பெரும்பாலும் மறைந்தது. எம் நோக்கில், சுழலும் சக்கரத்தினும் இதுவே நுட்பமானது. ஆயின் சக்கரம் கண்ணுக்குத் தெரிவதால் புகழ் அதற்கே போயிற்று.

1956 ஏப்ரல் 14. சிகாகோவில் ஒளிபரப்பாளர் மாநாடு. சி.பி.எஸ். நிறுவனத்தைச் சேர்ந்த நிலையத்தார் கூடியிருந்த அவையில் வில்லியம் லாட்ஜ் என்னும் தலைமைப் பொறியாளர் பேசினார். அவர் பேச்சு முடிந்ததும் அவையிலிருந்த தொலைக்காட்சிப் பெட்டிகளில் அவரே மீண்டும் தோன்றி அதே பேச்சைப் பேசத் தொடங்கினார். ஒரு கணம் எவர்க்கும் விளங்கவில்லை. பிறகு திரையை விலக்கி, மறைத்து வைத்திருந்த இயந்திரத்தைக் காட்டினர். அவை எழுந்து ஆரவாரித்தது. ஒன்றின் விலை ஏறத்தாழ 50,000 டாலர். அப்படியிருந்தும் மாநாடு கலையுமுன் 50 இலட்சம் டாலர் அளவிற்கு ஆம்பெக்ஸ் கேள்வி பெற்றது. அவ்வாண்டு நவம்பர் 30ஆம் நாள், நியூயார்க்கிலிருந்து டக்ளஸ் எட்வர்ட்ஸ் படித்த செய்தியை ஹாலிவுட்டில் நாடாவிற் பிடித்து மூன்று மணி நேரம் கழித்து மேலைக் கரைக்குக் காட்டினர். வழியில் நாடா கைவிட்டுவிடுமோ என்னும் அச்சத்தால் கினஸ்கோப்பையும் உடன் ஓட்டி வைத்திருந்தனராம்.

1959 ஜூலையில் மாஸ்கோவில் நடந்த அமெரிக்கக் கண்காட்சியில் குருஷ்சேவும் நிக்ஸனும் மாதிரிச் சமையலறை முதலிய இடங்களில் நின்று வாதாடியது உலகறிந்த செய்தி. அவ்வாதத்தின் ஒரு பகுதி அங்கிருந்த ஆம்பெக்ஸ் வண்ண இயந்திரத்தில் பதிவாயிற்று. நாடா விமானத்தில் அமெரிக்காவிற்குச் சென்று மறுநாளே ஒளிபரப்பாயிற்று.

இனி, நாடாவை வெட்டி ஒட்டுதல். திரைப்படத்தில் படம் கண்ணுக்குத் தெரியும். கத்தரி வைத்தாற் போதும். நாடாவிலோ ஒன்றும் தெரியாது. ஆகையால் நுண்ணிய இரும்புத் துகள் கலந்த திரவத்தைத் தடவி, துகள் படியும் கோடுகளைப் பூதக்கண்ணாடியாற் கண்டு, இரு கோடுகளுக்கிடையே வெட்டுவர். மயிரிழை பிசகினால் திரையிற் படம் உருண்டுவிடும். மேலும் ஒலியும் காட்சியும் நாடாவில் ஒரே இடத்தில் இல்லை. அரை நொடிக்கு மேற்பட்ட இடைவெளி இருக்கும். முகத்தை வெட்டினால் சொல் தங்கிவிடும். சொல்லை வெட்டினால் முகம் தங்கிவிடும். 1963இல் மின்முறையில் ஒட்டும் கருவி வந்தபின் கத்தி மெல்ல ஓய்வு பெற்றது. அவ்வாண்டே டிசம்பர் 7ஆம் நாள் அமெரிக்கத் தரைப்படைக்கும் கடற்படைக்கும் நடந்த கால்பந்து ஆட்டத்தில், டோனி வெர்னா என்பவர் முடிந்த ஆட்டத்தை உடனே மீண்டும் காட்டினார். இது நேரடிக் காட்சியன்று என்று அறிவிப்பாளர் பார்ப்போர்க்கு விளக்கவேண்டியதாயிற்று.

நாடாவின் பெருஞ்சிறப்பு அழித்து எழுதலாம் என்பது. அதன் பெருங்கேடும் அதுவே. நாடா விலை மிக்கது, அலமாரி நிறைந்தது, நேற்றைய நாடகத்தை மறுபடி யார் காண்பர்? இவ்வாறெண்ணிப் பல நிலையத்தார் பழைய நாடாக்களைத் துடைத்துப் புதிய நிகழ்ச்சிகளை எழுதினர். பி.பி.சி.யின் ‘டாக்டர் ஹூ’ தொடரின் 1960களைச் சேர்ந்த பகுதிகளில் தொண்ணூறுக்கு மேற்பட்டவை இவ்வாறு இழந்தவை. 1967இல் நடந்த முதல் சூப்பர் பௌல் ஆட்டத்தை இரண்டு நிறுவனங்கள் ஒளிபரப்பின. இரண்டும் தம் நாடாக்களைக் காக்கவில்லை. 1969இல் நிலவிலிருந்து வந்த குறிகளை நேரே பதிந்த நாடாக்களும் துடைக்கப்பட்டு மீண்டும் பயன்பட்டன என்று அமெரிக்க விண்வெளி நிறுவனமே 2009இல் அறிவித்தது. இன்று நாம் காண்பவை ஒளிபரப்பின் படிகளே. ‘டாக்டர் ஹூ’ தொடரின் அக்காலப் பகுதிகளுட் பல இன்று கிடைப்பது எவ்வாறு எனின், வெளிநாடுகட்கு விற்பதற்காகத் தொலைக்காட்சித் திரையைப் படச்சுருளிற் பிடித்து வைத்திருந்தனர். அச்சுருள்கள் அங்குமிங்கும் தங்கிவிட்டன. மறவாதிருக்க வேண்டிய கினஸ்கோப் இதுவே. சாம்பல் பூத்த சுருளை எவராலும் துடைத்து எழுத முடியவில்லை. அதனால் அது பிழைத்தது.

நான்கு தலை இயந்திரம் இருபது ஆண்டுக்கு மேல் ஆட்சி செய்தது. அதனை வீழ்த்தியது சாய்கோட்டு முறை. நாடாவின் குறுக்கே நேராக எழுதாமல், பெரிய உருளையொன்றைச் சுற்றி நாடாவைத் திருகாணிபோலச் சாய்த்துச் சுற்றினால், தலை எழுதும் கோடு நீண்டு, காட்சியின் ஒரு பாதித் திரை முழுவதும் ஒரே கோட்டில் அடங்கும். ஜப்பானில் தோஷிபாவைச் சேர்ந்த நொரிகாஜு சவாஸாகியும், ஜெர்மனியில் எட்வர்ட் ஷூலரும் 1950களிலேயே இதனை எண்ணினர். ஒலிபரப்புத் தரத்திற்கு அது உயரக் காலம் பிடித்தது. ஆம்பெக்ஸும் சோனியும் தனித்தனியே செய்த ஓரங்குல இயந்திரங்களை, பெரிய ஒளிபரப்பாளரின் வற்புறுத்தலால், ஒரே அளவிற்குக் கொணர்ந்தனர். அதுவே 1970களின் பிற்பகுதியில் ‘சி’ வகை எனப் பெயர் பெற்றது. ஐரோப்பாவிற் சிலர் ஜெர்மானிய பாஷ் கம்பெனியின் ‘பி’ வகையை விரும்பினர். சி வகையில் நாடாவை நிறுத்தினாலும் தலை அதே கோட்டை மீண்டும் மீண்டும் படிக்குமாதலின் அசையாக் காட்சி கிடைத்தது, மெல்லவும் ஓட்டலாயிற்று. பழைய இயந்திரத்தில் நாடாவை நிறுத்தினால் ஒரு முகத்தின் பதினாறில் ஒரு கூறே கிடைக்கும்.

இனி எம் அலமாரிப் பேழைகளுக்கு வருவோம். அவை யூ-மாட்டிக் என்பன. சோனி 1969இல் மாதிரி காட்டி 1971இல் விற்கத் தொடங்கியது. நாடாவின் அகலம் முக்கால் அங்குலம். உருளையைச் சுற்றி அது செல்லும் வழி ஆங்கில ‘யூ’ எழுத்தை ஒத்ததால் இப்பெயர். இல்லங்களுக்கென ஆக்கிய இதனை விலை மிகுதியால் இல்லத்தார் வாங்கவில்லை. பள்ளிகளும் அலுவலகங்களும் வாங்கின. ஒளிபரப்புக்கு உதவாததற்குக் காரணம், நாடா ஓட்டத்தின் நடுக்கம் காட்சியிலும் தெரிந்ததே. 1973இல் அந்நடுக்கத்தை நீக்கும் எண்முறைக் கருவி வந்தது. வரிகளைச் சிறிதுநேரம் தாங்கி, ஒழுங்கான கால இடைவெளியில் வெளிவிடுவது அதன் தொழில். அதன்பின் செய்தியாளர் படச்சுருளைக் கைவிட்டனர். செயிண்ட் லூயிஸ் நகரின் கே.எம்.ஓ.எக்ஸ். நிலையம் 1974இல் செய்தி முழுவதையும் நாடாவிற்கு மாற்றியது. கழுவும் அறைக்காகக் காத்திருத்தல் ஒழிந்தது. மாலையில் நடந்தது அன்றிரவே வீட்டிற்கு வந்தது.

1982இல் சோனியின் பீட்டாகேம் வந்தது. அரை அங்குல நாடா. காமிராவும் பதிவியந்திரமும் ஒன்றாய்த் தோளில் ஏறின. முன்னையவற்றில் நிறமும் ஒளியும் ஒரே குறியிற் கலந்திருக்கும். இதிலோ ஒளிக்கு ஒரு கோடு, நிறத்திற்கு ஒரு கோடு எனப் பிரித்தெழுதினர். 1986இல் உலோகத் துகள் பூசிய நாடாவுடன் பீட்டாகேம் எஸ்.பி. வந்தது. பானாசோனிக்கின் எம்-2 அதே ஆண்டு எதிர்நின்றும் வெல்லவில்லை. 1993இல் எண்முறைப் பீட்டாகேம் தோன்றியபின் ஒப்புமை முறை நாடாவின் காலம் மெல்ல மெல்ல மறைந்தது.

ஒப்புமை முறையின் ஒரு குற்றத்தைத் தமிழ் மாணவர் எளிதில் உணர்வர். ஏட்டைப் பார்த்து ஏடெழுதுவோர் செய்த பிழைகளாற் பாடபேதம் பெருகியது. நாடாவைப் பார்த்து நாடா எழுதும்போதும் அவ்வாறே. ஒவ்வொரு படியிலும் இரைச்சல் ஏறும், விளிம்பு மழுங்கும், சிவப்பு நிறம் தன் எல்லை கடந்து கசியும். யூ-மாட்டிக்கில் மூன்றாம் படியே கண்ணுக்கு வெறுப்பாகும். ஆயினும் ஒரு வேறுபாடுண்டு. ஏடெழுதுவோன் பிழைத்தால் ஒரு சொல் வேறொரு சொல்லாகும். இரண்டு சுவடியை ஒப்பிட்டு உண்மைப் பாடத்தை ஊகிக்கலாம். நாடா பிழைத்தால் எல்லாம் ஒருங்கே மங்கும், ஒப்பிட்டாலும் மீளாது.

நாடா கெடுவதும் ஏடு கெடுவது போலன்று. இரும்புத் துகளைப் பிளாஸ்டிக்கோடு ஒட்டும் பசை காற்றின் ஈரத்தை உண்டு நெகிழும். நாடா பிசுபிசுத்துத் தலையில் ஒட்டும். அத்தகைய நாடாவை ஏறத்தாழ ஐம்பது பாகை வெப்பத்தில் பல மணி நேரம் வாட்டி, சில வாரத்திற்குள் படி எடுத்துவிடுவர். எனினும் நாடா நலமாயிருந்தும் பயனில்லாமற் போவதே மிகுதி. ஏட்டைப் படிக்கக் கண் போதும். நாடாவைப் படிக்க அதற்கேற்ற உருளையும், தேயாத தலையும், அவற்றைச் செப்பம் செய்யத் தெரிந்த கையும் வேண்டும். மூன்றும் குறைந்து வருகின்றன. ஆஸ்திரேலியாவின் தேசிய திரைப்பட ஒலிக் காப்பகம் 2017இல் ஓர் எச்சரிக்கை விடுத்தது: 2025க்குள் எண்முறைக்கு மாற்றாத நாடாக்கள் பெரும்பாலும் இழந்தவையாகவே கருதப்படும் என்று. அவ்வாண்டு கடந்துவிட்டது.

நூலகரின் இசைவு பெற்று அம்மூன்று பேழைகளையும் திறந்து நோக்கினோம். முதலதன் நாடா விளிம்பில் வெண்பூசணம் படர்ந்துள்ளது. மற்றை இரண்டும் தூயனவாகக் காண்கின்றன. மோந்தால் காடி நாற்றமும் இல்லை. மூன்றையும் உலர்ந்த பெட்டியில் வைத்து, நிமிர்த்தி அடுக்கினோம். சென்னையில் ஒருவரிடம் இயங்கும் யூ-மாட்டிக் ஒன்று உள்ளதெனக் கேள்வியுற்று, பொறுப்பாசிரியர் வழியாகக் கடிதம் எழுதியுள்ளோம். இதனை அச்சிற்குக் கொடுக்கும் நாள்வரை விடை வந்திலது.